நாடிக்குக் கீழே முடி உள்ளுக்குள் வளர்ந்து பொரிப்பொரியாக வருகிறது, தினமும் ஷேவ் செய்யவும் வேண்டும்: என்ன செய்யலாம்?

தம்பி கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வயது 24. கங்கைகொண்டான் சிப்காட் பக்கம் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை. தினமும் ஷேவ் செய்துவிட்டுத்தான் டூட்டிக்கு நிற்க வேண்டும். வீட்டில் ஐந்து பிளேடு ரேசர், ஞாயிற்றுக்கிழமை சலூன். ஒரு வருஷமாக நாடிக்குக் கீழேயும் குரல்வளைக்கு இரண்டு பக்கமும் சிவப்பாகப் பொரிப்பொரியாக வருகிறது. சிலது சலம் வைக்கிறது, ஆறின இடமெல்லாம் கறுத்து நிற்கிறது. அம்மா உடம்புச்சூடு என்கிறார்கள். கூட வேலை பார்ப்பவர் கொடுத்த க்ரீமைப் போட்டால் இரண்டு நாளில் அடங்குகிறது, நிறுத்தினால் திரும்ப வருகிறது. “அண்ணாச்சி, இது பருவா, சூட்டுக்கொப்புளமா? வராமல் தடுக்க வழி உண்டா?” என்பது கேள்வி.

நான் தோல் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் மருந்துக்கடை வைத்திருக்கும் பார்மசிஸ்ட். இந்த மாதிரிக் கழுத்தோடு வருகிறவர்களைக் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று நிறையப் பார்க்கிறேன். போலீஸ் தேர்வுக்கு ஓடுகிற பையன்கள், மெடிக்கல் ரெப், பேங்க்காரர்கள், கல்யாணத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது பதறிக்கொண்டு வருகிற மாப்பிள்ளைகள். எல்லோரும் க்ரீம்தான் கேட்கிறார்கள். வழி உண்டு தம்பி, ஆனால் அது க்ரீமில் இல்லை. கை வைத்தால் வழுக்க வேண்டும் என்ற அந்த மழுமழுப்பு இருக்கிறதே, அதை விட்டுவிட வேண்டும். உங்களுக்கு வந்திருப்பது ஒட்டச் சிரைப்பதால் வருகிற தொந்தரவு. நான் இனிமேல் சொல்வது எல்லாம் இந்த ஒன்றைச் சுற்றித்தான்.

முடி தோலுக்குள் ஒரு சின்னக் குழியிலிருந்து முளைக்கிறது. சிலருக்கு அந்தக் குழியே வளைந்திருக்கும், அதனால் முடியும் வளைந்தே வெளியே வரும். தலையில் நேர்முடி இருப்பவருக்கும் தாடி சுருளலாம், கழுத்தில் இன்னும் அதிகமாக. பிளேடே படாத முடியின் நுனி மெல்லிசாக, மென்மையாக இருக்கும். பிளேடு பட்டதும் அது சாய்வாகச் சீவின ஈர்க்குச்சி மாதிரி கூராகிவிடுகிறது. அந்தக் கூர்முனை இரண்டு விதமாக உள்ளே போகும். வெளியே ஒன்றிரண்டு மில்லிமீட்டர் வளர்ந்து, வளைந்து, பக்கத்துத் தோலைக் குத்தி இறங்குவது ஒரு விதம். இன்னொன்றில் முடி வெளியே வருவதே இல்லை. ரொம்ப ஒட்ட வெட்டினதால் நுனி தோல் மட்டத்துக்குக் கீழே போய்விடுகிறது. அங்கிருந்து வளரும்போது குழியின் சுவரையே துளைத்துக்கொண்டு பக்கவாட்டில் சதைக்குள் நுழைகிறது. உடம்பு அதைத் தன் முடி என்று பார்ப்பதில்லை, அந்நியப் பொருள் நுழைந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு சண்டைக்கு நிற்கிறது. சிவப்பு, வீக்கம், சலம் எல்லாம் அந்தச் சண்டைதான்.

ஆகவே இது பரு இல்லை. டாக்டர் சீட்டில் சூடோஃபாலிகுலைட்டிஸ் பார்பே என்று எழுதியிருந்தால் இதுதான். சுருட்டைத் தாடி உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வரும். ஆப்பிரிக்க வம்சாவளி ஆண்களிடம் மிகச் சாதாரணம். அமெரிக்க ராணுவத்தில் இதற்காகவே டாக்டர் சீட்டு பெற்று ஷேவ் செய்யாமலிருக்க அனுமதி வாங்குகிற வழக்கம் வெகுகாலம் இருந்தது, 2025-ல் அதை இறுக்கிவிட்டார்கள். நம் ஊரிலும் சுருண்ட தாடிக்குக் குறைவில்லை, பேர் தெரியாமல் ‘ஷேவிங் பரு’ என்று சொல்லிக்கொண்டு திரிகிறோம்.

அம்மா சொல்கிற சூட்டைப் பற்றி ஒரு வார்த்தை. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள், இளநீர் குடியுங்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. முடி வளைகிறதை அது நிமிர்த்தாது. சித்திரை வெயிலுக்கு இதில் பங்கு உண்டுதான், ஆனால் வேறு விதமாக. வியர்வையில் ஊறின கழுத்தில் கஞ்சி போட்ட யூனிஃபார்ம் காலர் நாள் முழுக்க உரசினால் ஏற்கெனவே புண்ணாக இருக்கிற இடம் இன்னும் புண்ணாகும். காலருக்கு மட்டும் கஞ்சியைக் குறைக்கச் சொல்லுங்கள்.

இப்போது அந்த ஐந்து பிளேடு ரேசர். 1971-ல் ஜில்லெட் இரண்டு பிளேடு வைத்ததைக் கொண்டுவந்தது, 2006-ல் அது ஐந்தானது. முதல் பிளேடு முடியைக் கொஞ்சம் வெளியே இழுத்து வெட்டுகிறது. அது திரும்ப உள்ளே போவதற்குள் அடுத்த பிளேடு இன்னும் கீழே வெட்டுகிறது. கடைசியில் நுனி தோலுக்குள் போய்விடுகிறது. விளம்பரத்தில் பெருமையாகச் சொல்வதே இதைத்தான். தாடி நேராக வளர்கிறவர்களுக்கு இதனால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை, அவர்கள் தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்கு மேலே சொன்ன இரண்டாவது விதக் குத்தலுக்குக் கதவைத் திறந்துவிடுவது அதுதான். பழைய ரேசர் செட், ஒற்றை பிளேடு போட்டுத் திருகி மூடுவது, அதற்கு மாறுங்கள். செலவும் குறைவு. நாலைந்து ஷேவுக்கு ஒரு பிளேடு என்று மாற்றிவிடலாம். மழுங்கின பிளேடை அழுத்தித்தான் இழுக்க வேண்டியிருக்கும், அழுத்தினால் தோல் புடைத்து முடி அடியோடு போகும்.

சலூன் விஷயம் கொஞ்சம் நாசூக்கானது. நம் ஊர் சலூன்களில் ஷேவிங் என்றால் நேராக ஒரு தடவை, அப்புறம் நுரை போட்டு எதிர்த்து ஒரு தடவை, கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடித்துக்கொண்டு. எதிர்த்து இழுப்பதும் தோலை இழுப்பதும் முடியை ஒட்ட வெட்டுவதற்கான வேலைகள். கையை எடுத்ததும் தோல் பழையபடி சுருங்க, வெட்டின நுனி உள்ளே போய்விடும். அவர் வேண்டுமென்று செய்வதில்லை. கன்னத்தைத் தடவிப் பார்த்து “இங்கே கொஞ்சம் கீறுதே” என்று சொல்கிற வாடிக்கையாளர்கள்தான் அவரை அப்படிப் பழக்கிவைத்திருக்கிறார்கள். உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள்: “அண்ணே, கழுத்துல பொரி வருது, ஒரு தடவை நேரா இழுத்தா போதும், எதிர்த்து வேண்டாம்.” காரணத்தோடு சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டார். இத்தனை கழுத்தைப் பார்த்தவருக்கு உங்கள் கழுத்தைப் பார்த்ததுமே புரிந்துவிடும். பின்கழுத்தில் பிளேடால் கோடு எடுக்கவும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள், மெஷினோடு நிறுத்தட்டும். அங்கே முடி உள்ளே போனால் சிலருக்குக் கெட்டித் தழும்பாகத் தடித்து, நிரந்தரமாக நின்றுவிடுகிறது.

படிகாரம் கேட்டீர்களோ இல்லையோ, கேட்கப்போவது தெரியும். படிகாரம் தோலைச் சுருக்கும், சின்ன வெட்டில் ரத்தத்தை நிறுத்தும். முடி உள்ளே போவதை அது தடுக்காது. பிடித்திருந்தால் வீட்டில் சொந்தமாக ஒரு கல் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் ஒரே கல்லை எல்லோர் முகத்திலும் தேய்க்கிறார்கள், ரத்தம் பட்ட கல். மஞ்சள்காமாலையில் பி வகைக் கிருமி ரத்தத்தில் பரவுவது. பிளேடு புதிதா என்று கவனமாகப் பார்க்கிறவர்கள் கல்லைப் பார்ப்பதில்லை.

அடுத்தது, எனக்குப் பிடித்த சிக்கல். எந்தத் தோல் டாக்டரைக் கேட்டாலும் குளித்தபிறகு ஷேவ் செய்யுங்கள் என்பார். முடி தண்ணீரை நன்றாக இழுக்கும், ஊறினால் மிருதுவாகிவிடும். மிருதுவான முடியை அழுத்தாமலே வெட்டலாம், வெட்டின நுனியும் அவ்வளவு கூராக இருக்காது. ஆனால் நம் வீடுகளில் சவரம் பண்ணினால் குளிக்காமல் உள்ளே வரக்கூடாது. குளித்துவிட்டு ஷேவ் செய்தால் ஆச்சி திரும்பக் குளிக்க அனுப்புவாள். இதற்காக வீட்டில் சண்டை போட வேண்டாம். ஒரு துண்டை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, தாடையிலும் கழுத்திலும் இரண்டு மூன்று நிமிஷம் போட்டு வைத்திருங்கள். ஊறுவதற்கு அந்த நேரம் போதும். அதன் மேல் சோப்பு, நுரை, ஷேவ், அப்புறம் ஆச்சி விருப்பப்படி குளியல். முடி ஊற வேண்டும் என்பதுதான் முக்கியம், எங்கே ஊறுகிறது என்பது இல்லை. காய்ந்த தாடியில் சோப்பைப் பூசி உடனே இழுப்பதுதான் எல்லாவற்றிலும் மோசம். காலை டூட்டிக்காரர்கள் முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்கிறார்கள்.

தண்ணீரையும் பார்க்க வேண்டும். தாமிரபரணித் தண்ணீர் வருகிற வீடாக இருந்தால் கவலையில்லை, நுரை தானாக வரும். ராதாபுரம், நாங்குநேரி, திசையன்விளைப் பக்கம் போர் தண்ணீரில் சோப்பைத் தேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், நுரைக்குப் பதில் வெள்ளையாகத் திரிதிரியாகப் படியும். தண்ணீரில் இருக்கிற கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து உண்டாகிற கசடு அது. நுரை இல்லாவிட்டால் பிளேடு வழுக்காது, பிடித்துப் பிடித்து இழுக்கும். அந்தத் தண்ணீரே பிளேடில் உப்பாகக் காய்ந்தும் நிற்கும். ஷேவிங்குக்கு ஒரு செம்பு தண்ணீர்தானே வேண்டும், கேன் தண்ணீரையோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரையோ எடுத்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் பிளேடை அதே தண்ணீரில் அலசி, உதறி, காயவிடுங்கள்.

இனி கை வேலை. இரண்டு நாள் தாடியை விட்டு, கண்ணாடி முன் நின்று, விரல் நுனியால் நாலு திசையிலும் தடவிப் பாருங்கள். எந்தப் பக்கம் தடவினால் வழுக்குகிறதோ அதுதான் முடி வளர்கிற திசை, பிளேடும் அந்தத் திசையில்தான் போக வேண்டும். கன்னத்தில் பெரும்பாலும் மேலிருந்து கீழ். கழுத்தில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். நிறையப் பேருக்குக் கீழ்க்கழுத்து முடி மேல்நோக்கியோ பக்கவாட்டிலோ வளர்கிறது. அதுவும் இடது பக்கம் ஒரு மாதிரி, வலது பக்கம் ஒரு மாதிரி. ஒழுங்காக மேலிருந்து கீழேதான் இழுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அந்த இடத்தில் எதிர்த்து இழுத்துக்கொண்டிருப்போம். உங்களுக்குப் பொரி வருகிற இடத்தைச் சொன்னதைப் பார்த்தால் இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது. நுரையைப் பிரஷ்ஷால் வட்டமாகச் சுழற்றிப் போடுங்கள், படுத்திருக்கிற முடி எழும்பும். இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெயை அடியில் தடவுகிறவர்கள் உண்டு, வழுக்கலுக்கு நல்லதுதான். முகப்பரு வருகிற தோலாக இருந்தால் வேண்டாம். சின்னச் சின்ன இழுப்பு, ஒவ்வொரு இழுப்புக்கும் பிளேடை அலச வேண்டும், இழுத்த இடத்தில் மறுபடி போகக்கூடாது. முடிந்தபிறகு கை வைத்தால் லேசாகச் சொரசொரக்கும். சொரசொரக்கட்டும், கொஞ்சம் நிழல் தெரிந்தால்தான் சரியாகச் செய்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஸ்பிரிட் வாசனை அடிக்கிற ஆஃப்டர்ஷேவ் தேவையில்லை. குளிர்ந்த தண்ணீரில் கழுவிவிட்டு வாசனையில்லாத மாய்ஸ்சரைசரோ, வீட்டில் நிற்கிற கற்றாழையோ போதும்.

தினமும் செய்யலாமா, விட்டு விட்டா என்று கேட்டால், ஒட்டச் சிரைக்காத வரைக்கும் தினமும் செய்வதில் தப்பில்லை. தாடி ஒரு நாளைக்குச் சுமார் 0.4 மில்லிமீட்டர்தான் வளரும். வளைந்து திரும்பிக் குத்துகிற நீளத்துக்கு வருவதற்குள் அதை வெட்டிவிடுகிறோம். மாட்டிக்கொள்வது இடைப்பட்டவர்கள்தான், மூன்று நாலு நாள் விட்டு அப்புறம் எதிர்த்து ஒட்ட வழிக்கிறவர்கள்.

இவ்வளவும் இனிமேல் வராமல் இருக்க. இப்போது கழுத்தில் சிவந்து நிற்கிறதே, அதன் மேல் எந்த முறையில் பிளேடு போட்டாலும் ஆறாது. ஆற வேண்டுமானால் மூன்று நாலு வாரம் ஷேவிங்கை நிறுத்த வேண்டும். முதல் வாரம் அதிகமாகத் தெரியும், அரிக்கும், பயந்துபோய் விட்டுவிடாதீர்கள். முடி நீள நீள, உள்ளே மாட்டியிருக்கிற நுனி தானே இழுபட்டு வெளியே வந்துவிடும். ஒரு சென்டிமீட்டர் அளவுக்கு வளர்ந்தால் பெரும்பாலும் எல்லாம் விடுபட்டிருக்கும். இது நம் ஊருக்குப் புதிதில்லை. கார்த்திகை ஒன்றாம் தேதி மாலை போட்டு 41 நாள் சவரம் செய்யாமலிருக்கிற சாமிமார்களைப் பாருங்கள். மலைக்குப் போய்விட்டு வரும்போது தாடிக்குள் கழுத்து சுத்தமாக ஆறியிருக்கும். மாலை கழற்றின கையோடு சலூனில் உட்கார்ந்து மழுமழுவென்று வழித்துவிட்டு, தை பிறக்குமுன் திரும்பவும் பொரியோடு என் கடைக்கு வருகிறவர்களும் உண்டு. நீளத் தாடியை எடுக்கும்போது முதலில் மெஷினால் குறைத்துவிட்டு, முதல் இரண்டு வாரம் அதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கம்பெனியில் நாலு வாரம் தாடி விட முடியாது என்பீர்கள். சரி, அப்போது டிரிம்மர். சீப்பு மாட்டாமல் வெறும் தலையை லேசாக ஓட்டினால் அரை மில்லிமீட்டர் போல முடி நிற்கும். பேசுகிற தூரத்தில் நின்று பார்க்கிற சூப்பர்வைசருக்கு ஷேவ் செய்த முகமாகத்தான் தெரியும். இந்த அரை மில்லிமீட்டர் இருக்கிற வரைக்கும் நுனி தோலுக்குள் போக வழியே இல்லை. சொல்லப்போனால் உங்களுக்கு நான் முதலில் சொல்வது டிரிம்மரைத்தான், ஒற்றை பிளேடு அதற்கடுத்தது. டிரிம்மரும் முடியாது, பிளேடுதான் என்று அடம்பிடிக்கிற இடமாக இருந்தால் தோல் டாக்டரிடம் ஒரு சீட்டு வாங்கிக் கொடுங்கள்.

நோண்ட வேண்டாம். முடி வளையமாகத் தோலுக்கு மேலே தெரிந்தால், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசி நுனியால் அந்த வளையத்தைத் தூக்கிவிடலாம், அவ்வளவுதான். சாமணம் வைத்துப் பிடுங்கவே கூடாது. பிடுங்கின குழியிலிருந்து வருகிற புது முடி இன்னும் உள்ளேயிருந்தே வளைந்து குத்தும். தெரியாத முடியைத் தேடித் தோண்டினால் கிடைப்பது தழும்புதான். அக்கா தங்கைகள் நாடியில் ஒன்றிரண்டு முடியைப் பிடுங்கி இதே தொந்தரவோடு வருவார்கள், அவர்களுக்கும் இதே பதில்தான். நாடியில் முடி திடீரென்று அதிகமாகி, மாதவிடாயும் தள்ளிப்போனால் டாக்டரைப் பார்ப்பது நல்லது.

மருந்து என்று பார்த்தால், சாலிசிலிக் ஆசிட் 2 சதவீதம் உள்ள ஃபேஸ்வாஷ் மேல்தோலின் இறந்த செல்களை நீக்கி முடி வெளியே வர இடம் கொடுக்கும். வாரத்தில் மூன்று நாலு நாள் போதும். சலம் வைத்த பொரிகளுக்கு பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீத ஜெல் உதவும். துண்டிலும் தலையணை உறையிலும் பட்டால் வெளுத்துவிடும், வீட்டில் திட்டு விழும். பருவுக்குக் கொடுக்கிற அடபலீன் ஜெல் இரவில் போடுவது, அதை டாக்டர் சொல்லிப் போடுங்கள். இவை எல்லாம் துணைக்குத்தான். பழைய மாதிரியே ஒட்டச் சிரைத்துக்கொண்டு இவற்றைப் போட்டால் காசுக்குத்தான் கேடு.

உங்கள் நண்பர் கொடுத்த க்ரீம் எது என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டு நாளில் அடங்கி, விட்டால் திரும்புகிறது என்றால் அதில் ஸ்டீராய்டு இருக்கிறது என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். ட்யூபின் பின்னால் குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் இன்றோடு சொந்தமாகப் போடுவதை நிறுத்திவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சிவப்பை அடக்கும், முடியை வெளியே கொண்டுவராது. மாதக்கணக்கில் போட்டால் முகத்தோல் மெலிந்து, ரத்தக்குழாய் தெரிந்து, வெயில் பட்டாலே எரிகிற நிலைக்குப் போகும். படர்தாமரையாக இருந்து அதன் மேல் இதைப் போட்டால் அது மறைந்து நின்று பரவும். 2018-ல் மத்திய அரசு இந்த வகை க்ரீம்களைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாத பட்டியலில் சேர்த்தது. அப்படியும் சும்மா எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கத்தான் செய்கின்றன. தொழில்காரன் என்ற முறையில் எனக்கு இதில் வருத்தமும் கோபமும் உண்டு.

கறுப்புத் தடங்கள் போக மாதங்கள் ஆகும். புதுப் பொரி வருவது நின்றால்தான் பழைய தடம் மங்கத் தொடங்கும். கேட்டில் வெயிலில் நிற்கிற வேலை என்பதால் கழுத்துக்கும் சேர்த்துச் சன்ஸ்கிரீன் போடுங்கள். எலுமிச்சம்பழத்தைத் தேய்க்காதீர்கள், வெயிலில் இன்னும் கறுக்கும்.

எல்லாம் செய்தும் அடங்காதவர்களுக்கு லேசர் இருக்கிறது. நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் என்டி யாக் வகைதான் பாதுகாப்பு, நாலைந்து தடவைக்கு மேல் போக வேண்டியிருக்கும், அங்கே தாடி மெலிந்துவிடும். பிறகு தாடி வைக்கிற ஆசை இருந்தால் யோசித்துச் செய்யுங்கள்.

பொரி கடலை அளவுக்குக் கெட்டியாகத் தடித்தாலோ, காய்ச்சலோடு வீங்கினாலோ, வட்டமாக ஓரம் சிவந்து அரித்துக்கொண்டு முடி தானாகக் கழன்று வந்தாலோ கடையில் கேட்டு மருந்து வாங்காதீர்கள். கடைசியில் சொன்னது தாடியில் வருகிற படர்தாமரையாக இருக்கலாம், அதற்கு மாத்திரை வேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரியில் தோல் பிரிவு இருக்கிறது, காலையிலேயே போய்ச் சீட்டுப் போட்டுவிடுங்கள். போவதற்கு முன் மூன்று நாலு நாள் ஷேவ் செய்யாதீர்கள், முடி எந்தப் பக்கம் வளைகிறது என்பதை டாக்டர் பார்க்க வேண்டும். நண்பர் கொடுத்த அந்த க்ரீம் ட்யூபையும் மறக்காமல் கையில் எடுத்துக்கொண்டு போங்கள்.